குறைமாதக் குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியும் குழந்தை வைத்திய நிபுணருமான ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே மரணத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். உன் தொழிலிலிருந்து எங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல் என்று செயற்குழு கேட்டபோது, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இங்கு இருப்பவர்கள் தாய்மார், அம்மம்மாமார், அப்பம்மாமார், இனித் தாயாகப் போகும் பிள்ளைகள். இந்த விடயம் என்றோ ஒரு நாள் எங்களில் யாருடைய வீட்டுப் படியையும் மிதிக்கலாம்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. உலகில் பத்துக் குழந்தைகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. 2020 ஆம் ஆண்டில் 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2019 இல் குறைமாதப் பிறப்பின் விளைவுகளால் ஏறத்தாழ 9 இலட்சம் பிள்ளைகள் இறந்தார்கள். இவற்றில் நான்கில் மூன்று பங்கை, இன்று கையிலுள்ள, பெருஞ்செலவில்லாத வழிகளாலேயே தடுக்கலாம் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

அப்படியானால் அவர்கள் எதனால் இறக்கிறார்கள்? "குறைமாதம், அதுதான் தப்பவில்லை" என்று நாங்கள் சொல்வது காரணமல்ல. கேள்வியை மூடிவிடும் வசனம். எதியோப்பியாவில் இந்தக் கேள்வியை மூடவிடாமல் ஆராய்ந்தார்கள். 2016 முதல் 2018 வரை ஐந்து வைத்தியசாலைகளில் பராமரிக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் 1,109 மரணங்களை நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார்கள். 45 வீதம் சுவாசத் தொல்லையால். 30 வீதம் கிருமித்தொற்றால். 14 வீதம் பிறக்கும் வேளையில் ஒட்சிசன் போதாமையால். அத்துடன் பத்தில் ஏழு மரணங்களில் உடல் குளிர்ந்து போனதும் துணைக் காரணமாக இருந்தது. எங்கள் நாட்டின் தாய் சேய் நலச் சேவை எவ்வளவோ முன்னேறியது. ஆனால் குறைமாதக் குழந்தையின் உடம்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

முதலில் நுரையீரல். எங்கள் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை மூச்சு விடும்போது ஒட்டிப்போகாமல் காப்பது, சவர்க்கார நுரை போன்ற ஒரு பூச்சு. கருவின் கடைசி வாரங்களிலேயே அது போதிய அளவு ஊறுகிறது. அது இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும், ஒட்டிப்போன பலூனை மீண்டும் முதலிலிருந்து ஊதுவது போன்றது. சில மணித்தியாலங்களில் களைத்துவிடும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக், 1963 ஓகஸ்டில் ஐந்தரை வாரம் முந்தி, 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடன் பிறந்து 39 மணித்தியாலங்களில் இறந்தது இந்த நோயினால்தான். இந்தப் பூச்சின் குறைபாடே காரணம் என்பதை மேரி எலன் ஏவரி என்ற பெண் வைத்தியர் தம் சகாவுடன் 1959 இலேயே கண்டறிந்திருந்தார். மருந்துதான் இன்னும் வரவில்லை. 1972 இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இருவர், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்ரீரொயிட் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிரும் என்று காட்டினார்கள். 1980 இல் யப்பானில் புஜிவாரா அந்தப் பூச்சையே மருந்தாகக் குழந்தையின் சுவாசக் குழாய்க்குள் செலுத்திக் காப்பாற்றினார். இன்று பற்றிக்கைப் போன்ற ஒரு குழந்தை எங்கள் வைத்தியசாலைகளிலேயே பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் அந்த ஊசி நன்றாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஆகவே நீர் கசிந்தாலும், நாரி நோவுடன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், இரத்தம் பட்டாலும், தலையிடியுடன் பார்வை மங்கினாலும் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். அந்த இரவுதான் குழந்தையின் நுரையீரலுக்குரிய நேரம். ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது என்று எங்கள் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரமில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபமே.

அடுத்தது கிருமித்தொற்று. தாயிடமிருந்து நோயெதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது குறைவு, தோலும் மெல்லியது. உயிர் காக்கும் குழாய்களே கிருமிக்கும் வழியாகலாம். இதற்கு முதல் மருந்து கழுவிய கை. வைத்தியர், தாதி, தகப்பன் எல்லோருக்கும் ஒரே சட்டம். பிள்ளை பார்க்கப் போவது எங்கள் அன்பின் வழக்கம். குறைமாதப் பிள்ளையைப் பொறுத்தவரை, சில வாரம் போகாமல் இருப்பதே அன்பு.

மூன்றாவது குளிர். கொழுப்பில்லாத சின்ன உடம்பு சூட்டைக் காப்பதற்கே தன் ஒட்சிசனையும் சீனியையும் செலவழித்துவிடும். 1978 இல் கொலம்பியாவின் பொகொற்றா நகரில், இன்கியூபேற்றர் போதாத நிலையில், எட்கார் ரேய் என்ற வைத்தியர் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். அதுவே கங்காரு முறை. ஏழைகளின் வைத்தியம் என்று சிலர் நினைத்தார்கள். 2021 இல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்களின் விகிதம் 15.7 வீதத்திலிருந்து 12 வீதமாகக் குறைந்தது. தாயே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது இதன் பொருள்.

தாய்ப்பாலும் அப்படியே. குறைமாதக் குழந்தைகளின் குடல் திடீரென அழுகும் ஒரு கொடிய நோய் உண்டு. தாயின் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவாகவே வருகிறது. ஒரு தேக்கரண்டி கடும்புப்பால்கூட வீணாகக் கூடாது.

இங்கேதான் ஒரு மனவருத்தமான விடயத்தைச் சொல்லவேண்டும். துடக்கு என்றும், பச்சை உடம்புக்காரி என்றும் தாயை வீட்டில் இருத்திவிட்டு, பிள்ளை வைத்தியசாலையில் தனியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சில வீடுகளில், "நீ என்னத்தைத் தூக்கினாய், எங்கே போனாய்" என்று அவளையே குற்றவாளியாக்குகிறார்கள். குறைமாதப் பிரசவங்கள் பலவற்றுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. குருதியமுக்கம், தொற்று, இரட்டைப் பிள்ளைகள் என்று தெரிந்த காரணங்களும் அவள் செய்த பிழைகள் அல்ல. அவளைப் பிள்ளையின் பக்கத்தில் இருக்க விடுங்கள். பிள்ளை தப்பாமல் போனாலும், அதைத் தூக்கிப் பார்த்தோம் என்ற ஆறுதலாவது அவளுக்கு மிஞ்சும்.

நிறைவாக, வெளிநாடுகளிலிருந்து உதவ விரும்பும் சகோதரிகளுக்கு. ஒரு இயந்திரம் வாங்கித் தரட்டோ என்று அடிக்கடி கேட்கிறீர்கள். மனமுவந்த நன்றி. ஆனால் பழுதுபார்க்க ஆளும் உதிரிப்பாகமும் இல்லாத இயந்திரம் மூலையில்தான் கிடக்கும். முதலில் அந்த வார்ட்டின் தாதியரைக் கேளுங்கள். தாய்மார் பிள்ளையை அணைத்தபடி சாய்ந்திருக்க நாற்காலிகள், இரவு தங்க ஒரு அறை, கை கழுவ இன்னும் இரண்டு குழாய்கள், பால் எடுக்கும் பம்புகள். கேட்பவை பெரும்பாலும் இவையாகவே இருக்கும். பெயர்ப்பலகை வைக்குமளவு பெரியவை அல்ல. ஆனால் மேலே சொன்ன காரணங்களில் மூன்றுக்கு நேரே பதில் சொல்பவை.

எங்கள் சங்கத்தின் அடுத்த நூற்றாண்டின் முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.