பரோடாவில் ஓர் அறை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவது பல இடங்களில் வழக்கம். நாம் அப்படிச் செய்வதில்லை. போனவர் விட்ட இடத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துப் பேசுகிறோம். இன்று எடுத்துக்கொள்ளும் கேள்வி பார்வைக்குச் சின்னது. தெரியாத ஊரில் தனியாகப் போய் இறங்கும் ஒருவருக்குத் தலைசாய்க்க ஓர் இடம் எப்படிக் கிடைக்கிறது?

பயணக் கட்டுரைகள் நிறையப் படிக்கிறோம். எழுதுகிறவர் ரயிலை விட்டு இறங்குவார். சிறியதாக ஒரு விடுதியைப் பிடிப்பார். பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவார். அறை கிடைத்த செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் நம் மக்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பாபாசாகேப் அம்பேத்கர் எழுதிவைத்திருக்கிறார். 1930களின் நடுவில் அவர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அது இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. 1990இல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைத் தனி நூலாகக் கொண்டுவந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்றார் அம்பேத்கர். கொலம்பியாவிலும் பிறகு லண்டனிலும் படித்தார். ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை பார்க்க 1917 செப்டம்பரில் அந்த நகருக்கு வந்து இறங்கினார். அப்போது வயது 26. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எங்கே போவது, யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கவலை பிடித்துக்கொண்டது. 'விஷி' என்று சொல்லப்பட்ட இந்து விடுதிகள் இருந்தன. வேறு ஆளாக நடித்தால் இடம் கிடைத்திருக்கும். அதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. பார்சிகள் நடத்தும் விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். அவர்கள் மதத்தில் தீண்டாமை இல்லையே என்ற நம்பிக்கையில் அங்கே போனார்.

பார்சிகள் உடலில் அணியும் சத்ராவும் கஸ்தியும் அவரிடம் இல்லை. பொறுப்பாளர் அதைக் கண்டுகொண்டார். இது பார்சிகளுக்கு மட்டுமான இடம் என்றார். ஆனால் விடுதியில் வேறு ஆள் யாரும் இல்லை, வருமானமும் இல்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது. சாப்பாடும் தங்கலும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய். விஷிகளில் நடிக்க மாட்டேன் என்று ஒதுங்கி வந்தவர், இங்கே இன்னொருவர் பெயரில் தங்க வேண்டியதாயிற்று.

மாடியில் சின்னப் படுக்கையறை, குழாய் வைத்த குளியலறை. மற்றதெல்லாம் ஒரு பெரிய கூடம். அதில் பலகைகளும் பெஞ்சுகளும் உடைந்த நாற்காலிகளும் குவிந்து கிடந்தன. மின்விளக்கு கிடையாது. இரவில் ஓர் அரிக்கேன் விளக்கு வரும். கூடத்தில் வௌவால்கள் பறந்தன. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பகலெல்லாம் அலுவலகத்திலும் வெளியிலுமாக நேரத்தைத் தள்ளிவிட்டு இரவில்தான் திரும்புவார்.

பதினோராம் நாள் காலை, நூலகப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு மாடியேறி வந்தார்கள். யார் நீ என்று கேட்டார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய் என்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்கள். தெரிந்த இரண்டு நண்பர்களிடம் அவர் போனார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்று கைவிரித்தார். மற்றவர் கிறிஸ்தவர், பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர். மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். அந்தப் பதிலின் பொருள் அம்பேத்கருக்குப் புரிந்தது. பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை காமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்குப் பெட்டியை எடுக்க விடுதிக்கு வந்தபோது பொறுப்பாளர் வெளியே வந்தார். இருவருக்கும் பேச வாய் வரவில்லை. அம்பேத்கர் கணக்கைத் தீர்த்தார். அவர் மௌனமாக வாங்கிக்கொண்டார். தன்னால்தான் இவருக்கு இந்த இடைஞ்சல் வந்தது என்று அந்த மனிதர் உணர்ந்ததாக அம்பேத்கரே எழுதுகிறார்.

தோழர்களே, படித்து, சம்பாதித்துவிட்டால் கதவு தானாகத் திறக்கும் என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கொலம்பியாவில் படித்தவர், மன்னரே அழைத்து வேலை கொடுத்தவர், வாடகையைக் கையில் வைத்திருந்தவர் பதினோரு நாளில் வெளியேற்றப்பட்டார். அந்தப் பொறுப்பாளர் கெட்டவர் அல்லர். அவருடைய நல்ல மனத்தால் செய்ய முடிந்தது ஒரு பொய்ப் பெயரை எழுதிக்கொள்வது மட்டும்தான். தடிகள் வந்தபோது அந்த நல்ல மனம் குறுக்கே நிற்கவில்லை. இரக்கத்தில் கிடைத்த இடத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். உரிமையாகக் கிடைத்த இடத்தில்தான் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியும்.

அந்த உரிமை பின்னால் எழுத்தில் வந்தது. அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் சாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அதுவே குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. அதில் ஹோட்டல் என்றால் லாட்ஜும் அடக்கம். அதன் 12ஆம் பிரிவைக் களப்பணியாளர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்மீது இச்சட்டத்தில் சொல்லப்பட்ட குற்றம் நடந்தால், அது தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை.

ஆனால் இன்று யாரும் தடியோடு மாடியேறி வருவதில்லை. "ரூம் காலி இல்லை" என்ற மூன்று சொல் போதும். போட்டித் தேர்வுக்குப் படிக்க நகரத்துக்கு வரும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், கறி சாப்பிடுவீர்களா என்று கேள்விகள் வரிசையாக வரும். சாதி என்ற சொல் மட்டும் வராது. தனியாக வரும் பெண்ணுக்கு இதோடு இன்னொரு பட்டியலும் உண்டு. பதில்களை மாற்றிச் சொல்லி அறை வாங்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அப்படி வாங்கிய அறையில், அம்மா போன் செய்தால்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அம்பேத்கர் இந்த நூலை எழுதிய அதே காலத்தில், அவர் படித்த நியூயார்க்கில் இன்னொரு நூல் பிறந்தது. ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936இல் 'கிரீன் புக்' என்ற கையேட்டைத் தொடங்கினார். கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் எந்த விடுதி, எந்த வீடு இடம் கொடுக்கும் என்ற முகவரிகள் அதில் இருந்தன. இந்த நூலே தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். விடுதிகளில் நிறவேற்றுமையைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கையேடும் நின்றது.

நம்மிடமும் அப்படி ஒரு கையேடு உண்டு. அச்சில் இல்லை, வாயில் இருக்கிறது. "அந்த ஊருக்குப் போனால் நம்ம தோழர் வீட்டுல தங்கிக்க" என்று சொல்லிச் சொல்லித்தான் இயக்கம் வளர்ந்தது. அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியதும் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்துவது. தங்க இடமில்லாதவருக்குப் படிப்பு இல்லை என்பதைப் பரோடா அவருக்குச் சொல்லியிருந்தது. இங்கே ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளில் ஒழுகும் கூரைக்காகவும் தண்ணீர் வராத குழாய்க்காகவும் நாம் போராடுவதும் அதே வேலைதான்.

எனவே இரண்டையும் செய்வோம். தெரியாத ஊரிலிருந்து வரும் நம் பிள்ளைக்கு நம் வீட்டுத் திண்ணையும் பாயும் இருக்கட்டும். அதே பிள்ளை லாட்ஜுக்குப் போய், தன் சொந்தப் பெயரை, சொந்த ஊரை, தெருவோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதிச் சாவியை வாங்க வேண்டும். மறுத்தால், மறுத்த நாள், நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். புகாராக எழுதுங்கள், கதையாக எழுதுங்கள், கவிதையாக எழுதுங்கள். இலக்கியத்துக்காக ஓர் அமைப்பு நமக்கு இருப்பது அதற்காகத்தான்.