மாணவரா, பணியாளரா?

பட்டம் பெற்ற பின்னரும் பல்கலைக் கழகத்திலேயே தங்கி, ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு உழைக்கும் இளைஞரை மாணவர் என்பதா, பணியாளர் என்பதா? வெறும் சொல்லாராய்ச்சிபோல் தோன்றும் இவ்வினாவில் அவர்தம் உணவும் வீட்டு வாடகையும் அடங்கியுள்ளன. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலம் இதற்குச் சட்டத்தின் வாயிலாக விடை கண்டதை இன்று நோக்குவோம்.

அம்மாநிலத்து அரசுப் பல்கலைக் கழகப் பணியாளர் சங்கம் அமைத்து, நிர்வாகத்தோடு ஊதியம் பேசி முடிக்கும் உரிமையை 1970களின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அளித்தது. ஆயினும், 'பணியாளர்' என்னும் சொல்லுக்கு அது வகுத்த இலக்கணம் ஆராய்ச்சி மாணவரை வெளியே நிறுத்திவிட்டது. அவர் செய்யும் ஆராய்ச்சி அவருடைய கல்வியின் பகுதியே என்று கொள்ளப்பட்டது. வகுப்பு நடத்த உதவிய மாணவர் பின்னர் அவ்வுரிமையைப் பெற்றனர். ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர் பெறவில்லை. 2017ஆம் ஆண்டில் சட்டமன்றம் அவ்விலக்கணத்தைத் திருத்தியது. 2018 ஜனவரி முதல் ஆராய்ச்சி மாணவரும் சட்டத்தின் கண்ணில் பணியாளராயினர்.

இதற்குச் சட்டமன்றம் எதற்கு, நடுவர் தீர்ப்புப் போதாதா எனலாம். தனியார் பல்கலைக் கழகங்களின் நிலையைப் பாருங்கள். அவற்றுக்குரிய மத்தியத் தொழிலுறவு வாரியம், 2004இல் பிரௌன் பல்கலைக் கழக வழக்கில் இத்தகைய மாணவர் பணியாளர் அல்லர் என்றது. 2016இல் கொலம்பியா பல்கலைக் கழக வழக்கில் பணியாளரே என்றது. உறுப்பினர் மாறினால் தீர்ப்பும் மாறக்கூடும். சட்டத்தில் எழுதப்பட்ட சொல் அவ்வளவு எளிதில் புரளாது.

புதிய சட்டம் மாணவர் கையில் ஒரு டாலரும் வைக்கவில்லை; எதிரில் அமர்ந்து பேச ஓர் இருக்கையையே அளித்தது. 2021 டிசம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் ஆராய்ச்சி மாணவர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஊதியப் பேச்சு எளிதில் முடியவில்லை. 2022 நவம்பர் 14ஆம் நாள், வகுப்பு நடத்துவோரும் பிறருமாக ஏறத்தாழ 48,000 பேர் வேலை நிறுத்தம் தொடங்கினர். டிசம்பர் இறுதிக்குள் உடன்பாடு ஏற்பட்டு, ஊதியம் உயர்ந்தது.

ஆசிரிய மாணவ உறவில் கூலிப் பேச்சு புகலாமா என்று சான்றோர் சிலர் வருந்தக்கூடும். அவ்வருத்தம் பொருளற்றதன்று. ஆனால் நம் பண்டைக் குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். தொண்டு செய்த மாணவனுக்கு அங்கே உணவும் உறைவிடமும் கிடைத்தன. இன்றைய ஆய்வுக்கூடத்திலோ வழிகாட்டும் பேராசிரியரே வேலை வாங்குபவராகவும் இருக்கிறார். அவர் மனம் கோணினால் பட்டமும் போகும், படியும் போகும் என அஞ்சும் மாணவன், அவருடைய முடிவு தவறென்று எங்ஙனம் எடுத்துரைப்பான்? தவறு கண்டவிடத்துச் சொல்லும் துணிவன்றோ ஆராய்ச்சிக்கு உயிர்?

ஊதியத்தைச் சட்டமும் ஒப்பந்தமும் காக்குமாயின், ஆசிரியர் ஆசிரியராக மட்டும் இருக்கலாம். மாணவரும் அஞ்சாது வினவலாம்.