வானுக்கு ஓர் அரண்: திறவுகோல் யார் கையில்?



நாடு தோன்றிய நாளிலேயே அரணும் தோன்றிற்று. மதிலும் அகழியும் மலையும் காடும் பண்டை அரண்கள். பகை தரைவழி வந்த வரை அவை போதியவையாயிருந்தன. இன்றோ பகை வான்வழி வருகின்றது. பல நூறு கல் தொலைவிற் கிளம்பும் ஏவுகணை சில மணித்துளிகளில் ஊரின்மேல் வந்து வீழ்கின்றது. ஆகவே ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் ஒன்றுகூடி வானுக்கே மதிலெழுப்பி வருகின்றன. அம்மதிலின் கதை, கூட்டுறவை நாடும் எவ்வினத்தார்க்கும் படிப்பினையாகும்.

இதற்குமுன் அங்கிருந்தவை தாளால் ஆன அரண்கள். 1972-இல் அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் ஏவுகணைத் தடுப்புக்கு வரம்பு கட்டி உடன்படிக்கை செய்தன. கேடயம் வேண்டாமென்று எவரேனும் ஒப்பமிடுவரோ? இட்டனர். கேடயம் தடித்தால் அதை ஏந்தியவனுக்குத் தாக்கும் துணிவு பிறக்கும், அதைக் கண்ட மற்றவன் மேலும் வேல்களை வடிப்பான், போட்டிக்கு முடிவேயிராது. இதுவே அதன் உட்கருத்து. 1987-இல், 500 முதல் 5,500 கி.மீ. வரை பாயும் தரைவழி ஏவுகணைகளை அறவே ஒழிக்கவும் அவ்விரு வல்லரசுகளும் இசைந்தன. முன்னதிலிருந்து அமெரிக்கா 2002-இல் விலகியது. பின்னது 2019-இல் மாய்ந்தது. தாளரண் கிழிந்தபின் மாழையரண் தேவைப்பட்டது.

2010-இல் இலிசுபன் நகரில் கூடிய நேட்டோ கூட்டமைப்பு, ஐரோப்பிய உறுப்புநாடுகள் அனைத்தையும் காக்கும் ஏவுகணைத் தடுப்பை அமைக்க முடிவு செய்தது. உருசியாவையும் ஒத்துழைக்க அழைத்தது. அக்கேடயம் தன்னைக் குறிவைக்காது என்பதற்குச் சட்ட உறுதி கேட்டது உருசியா, அது கிட்டவில்லை, பேச்சு முறிந்தது. துருக்கியின் குரெசிக்கில் வான்நோக்கும் கதிரலைக் கருவியும், உருமேனியாவின் தெவெசெலுவில் 2016-இலும் போலந்தின் இரெட்சிகோவோவில் 2024-இலும் தடுப்புக்கணை நிலையங்களும் பணிக்கு வந்தன. இவை மூன்றும் அமெரிக்கா அமைத்தவை என்பதை மறத்தலாகாது.

2022-இல் உக்கிரைன்மீது உருசியா படையெடுத்தது. ஊர்களும் மின்நிலையங்களும் ஏவுகணைக்கு இரையாவதைக் கண்டம் முழுதும் கண்டது. அவ்வாண்டே செருமானியத் தலைமையமைச்சர் ஓலாவு சோல்சு முன்மொழிந்த 'ஐரோப்பிய வான்கேடயம்' என்னும் திட்டத்தில் 15 நாடுகள் ஒப்பமிட்டன. போர்க்கூட்டணிகளில் சேராத ஆசுத்திரியாவும் சுவிட்சர்லாந்தும்கூட 2023-இல் இணைய விழைந்தன. அச்சம் அத்துணைப் பெரிது!

இக்கேடயம் அடுக்கடுக்கானது. அண்மையில் வருவனவற்றை வீழ்த்தச் செருமானியத்தின் 'ஐரிசு-டி'. அதற்கு மேலடுக்கில் அமெரிக்காவின் 'பேட்ரியாட்டு'. காற்றுமண்டலத்திற்கும் அப்பால் மறிக்க இசுரேலின் 'ஆரோ-3'. ஆரோ என்பதன் பொருள் அம்பு. அவ்வம்பைச் செருமானியம் 2023-இல் ஏறத்தாழ 350 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்து வாங்க இசைந்தது. அதை விற்கும் இசுரேல், உடன் உருவாக்கிய அமெரிக்காவின் இசைவைப் பெற்ற பின்னரே விற்க முடிந்தது. விலை கொடுப்பவர் ஒருவர், விற்பவர் மற்றொருவர், இசைவளிப்பவர் மூன்றாமவர்!

இதைத்தான் பிரான்சு கேட்டது. தானும் இத்தாலியும் கூடிச் செய்த தடுப்புக்கணை இருக்க, கண்டத்தின் கேடயத்தை அயலாரிடம் வாங்குவானேன் என்றது. இரு நாடுகளும் அத்திட்டத்திற் சேரவில்லை. செருமானியத்தின் விடையும் புறந்தள்ளத் தக்கதன்று: வீடு பற்றி எரிகையில் கிணறு வெட்டிக்கொண்டிருக்க இயலாது, கிடைக்கும் நீரை வாங்கி ஊற்றுவதே அறிவு. ஆயினும் நெருப்பு அணைந்த பின்னரேனும் கிணறு வெட்டியாக வேண்டுமன்றோ?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஒரு தடுப்புக்கணையின் விலை பல கோடி. அது வீழ்த்தும் ஆளில்லா வானூர்தியோ மிக மலிவு. 2025-இல் அத்தகையன ஏறத்தாழ இருபது போலந்தின் வானுட் புகுந்தபோது, அவற்றை வீழ்த்த விலையுயர்ந்த போர்வானூர்திகள் எழும்ப வேண்டியதாயிற்று. ஈயை அடிக்க இரும்புலக்கை எத்துணை நாளைக்குத் தாங்கும்?

பெருமக்களே! சிறு நாடுகள் தனித்து நின்றால் வான் காக்க இயலாது. கூடியே தீர வேண்டும். ஆனால் கூடுதல் வேறு, அடைக்கலம் புகுதல் வேறு. கூடுவோர் கையில் அறிவும் தொழிலும் முடிவுரிமையும் இருந்தால் அது கூட்டுறவு. திறவுகோல் பிறர் இடுப்பில் தொங்கினால் அது இரவல் அரண். இரவல் அரண், தந்தவர் மனம் மாறும் நாளில் வெறும் மதிலாகிவிடும். கிழிந்துபோன தாளரண்களையும் மீண்டும் எழுதியாக வேண்டும். கேடயம் ஊரைக் காக்கலாம். வேல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது உடன்படிக்கை ஒன்றே.