சீனத்துத் துறைமுகத்தில் தமிழ்க் கற்கள்



‘பழைமையும் புதுமையும் கைகோத்து நிற்கும் நகரம்’ என்று பயண நூல்கள் எந்நகரத்தையும் புகழும். எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்று கேட்டால் விடை வாராது. கோயிலும் துறைமுகமும் ஆலையும் ஒரே கடற்கரையில் நெருங்கிக் கிடக்கும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் வாழும் நமக்கு அவ்விடை தேவை. ஆகவே தென்சீனத்தின் சுவான்சௌ நகருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

புஜியான் மாகாணத்தைச் சேர்ந்த இத்துறைமுகம் சோங், யுவான் அரசர் காலங்களில் உலக வணிகத்தின் பெருஞ்சந்தை. 2021இல் யுனெஸ்கோ இதன் தொன்மைச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று இவ்வட்டாரத்தில் விளையாட்டுக் காலணி ஆலைகள் நிறைந்துள்ளன. காண வருவோர் காய்யுவான் பௌத்த ஆலயத்தின் இரட்டைக் கற்கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பர். நாம் அதன் பெருமண்டபத்தின் பின்புறம் செல்லவேண்டும். அங்கே இரு தூண்களில் நரசிங்கரும் கண்ணனும்! சிதைந்துபோன இந்துக் கோயிலொன்றின் கற்களை, மிங் அரசர் காலத்தில் ஆலயத்தைப் புதுப்பித்தோர் எடுத்தாண்டனர் என்பது அறிஞர் துணிபு. தாமரை ஏந்தி இலிங்கத்தை வழிபடும் யானைச் சிற்பமும் இந்நகரில் கிடைத்துள்ளது. நமக்குத் திருவானைக்காவை நினைவூட்டுவது.

இவற்றினும் அரியது 1956இல் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டு. 1281ஆம் ஆண்டினது, குபிலாய் கானின் ஆட்சிக்காலம். சம்பந்தப் பெருமாள் என்பார், செகாசை கானின் உடல்நலம் வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறுவது. அரசாணையைக் குறிக்கப் பாரசீகச் சொல். தமிழ் வரிகளுக்குக் கீழே சீன வரி. மங்கோலியனின் நலத்துக்குச் சீனத்தில் ஒரு தமிழ் வேண்டுதல்! ஆனால், வேண்டிய குடி பின்னர் அந்நகரில் இல்லாது போயிற்று. எழுத்து இருந்தது, அதைப் படிக்கும் கண் இல்லை.

நகருக்கு அருகே சுன்பூ என்னும் மீனவர் ஊர். சிப்பி ஓடுகள் பதித்த சுவர்கள். கொண்டையைச் சுற்றி வளைய வளையப் பூச்சூடிய பெண்கள். சுற்றுலாப் பயணிகள் இன்று காசு கொடுத்து அவ்வாறே பூச்சூடிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அதை நான் குறைகூறேன். எனினும் சிப்பி விற்கும் மூதாட்டி நாள்தோறும் சூடும் பூவே எனக்குப் பெரிது. காசிமேட்டு மீன் ஏலத்தில் மல்லிகையோடு நிற்கும் நம் அம்மாக்களை எந்தக் கவிஞர் பாடியிருக்கிறார்?

நம் கற்கள் இடம்பெயரவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் கற்றளியாக எழுந்த திருவொற்றியூர்க் கோயிலின் சுவர்கள் நெடுகக் கல்வெட்டுகள். இலக்கணம் கற்பித்த மண்டபம் ஒன்று அங்கு இருந்ததையும் அவை கூறுகின்றன. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரம் நிலையமும் இன்றும் நிற்கிறது. நாம் அன்றாடம் இவற்றைக் கடந்து செல்கிறோம். சுவான்சௌவில் படிப்பார் இல்லாது போயினர், இங்கோ படிக்கக்கூடியோர் நின்று பார்ப்பதில்லை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வட்டத்தின் அடுத்த கூட்டத்தைத் திருவொற்றியூர்க் கோயிலின் திருச்சுற்றில் நடத்துவோம். கல்வெட்டு எழுத்து அறியாதார்க்கு முதல் அரைமணி நேரம் நான் கற்பிக்கிறேன். ஏடும் எழுதுகோலும் கொண்டு வாருங்கள்.