சொந்த எழுத்தும் விளம்பரக் காசும்



ஐதராபாத் நகரின் கிழக்கே நாச்சாரம் என்றோர் இடம் உண்டு. தமிழ்நாட்டில் இருப்போர் அதன் பெயரை அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். தொழிற்பேட்டையும், தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையும், நடிகர் என். டி. ராமராவ் நிறுவிய படப்பிடிப்பு நிலையமும் அங்கே உள்ளன. ஆலை வேலைக்காக வந்து, பிறகு அங்கேயே நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் அமர்ந்துகொண்டு நாம் சில ஆண்டுகளாக வலைப்பூ ஒன்றை எழுதி வருகிறோம். அதில் விளம்பரம் இட்டுப் பணம் ஈட்டலாமா, ஈட்டினால் எவ்வளவு, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். ஊரை விட்டு வந்தவர்களுக்குக் கையில் காசு குறைவு. மனத்தில் எழுத வேண்டிய செய்தியோ மிகுதி. ஆகவே இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு எழுவது இயல்பே.

எழுத்தையும் விளம்பரத்தையும் ஒரே கயிற்றில் கட்டும் முயற்சி புதிதன்று. 1926-இல் பூதூர் வைத்தியநாதய்யர் ஆனந்த விகடனைத் தொடங்கினார். 1928-இல் அதை விலைக்கு வாங்கிய எஸ். எஸ். வாசன், அதற்கு முன்பு விளம்பரங்கள் சேகரித்துக் கொடுப்பதையும் தபால் மூலம் பொருள் விற்பதையும் தொழிலாகக் கொண்டிருந்தவர். பெயரில் உள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள். விளம்பரத்தின் நாடி அறிந்தவர் கையில் ஒரு பத்திரிகை எப்படி வளரும் என்பதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மறுபுறம் காந்தியடிகளைப் பாருங்கள். 1919-இல் அவர் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற யங் இந்தியா, நவஜீவன் ஆகிய இரண்டு பத்திரிகைகளிலும் விளம்பரமே இடம்பெறாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு வழிகளும் நடந்தே இருக்கின்றன. நாம் மகாத்மாவும் அல்லர், வாசனும் அல்லர் என்பதுதான் இடர்ப்பாடு.

கணினியில் தமிழ் எழுதிய முதல் தலைமுறையினர் காசைக் கனவிலும் எண்ணவில்லை. 2003-ஆம் ஆண்டளவில் தமிழில் வலைப்பூக்கள் தோன்றின. மறு ஆண்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி அவற்றையெல்லாம் ஓரிடத்தில் கூட்டிக் காட்டியது. அந்த 2003-லேயே கூகுள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்னும் விளம்பரத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. 2004-இல் அந்நிறுவனம் ஐதராபாத்திலும் அலுவலகம் திறந்தது. ஆயினும் அத்திட்டத்தில் தமிழ் சேர்க்கப்படவில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர் பக்கத்தில் விளம்பரம் தோன்றும். தமிழில் எழுதுபவர் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். 2014 டிசம்பரில் இந்திக்கும், 2017-இல் வங்காளத்திற்கும் வழி திறந்தது. தமிழின் முறை 2018 பிப்ரவரியில் வந்தது. நம் அண்டை வீட்டாரின் தெலுங்கும் அவ்வாண்டிலேயே சேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் கூலியின்றி எழுதிக் குவித்த பிறகே நமக்குப் பந்தியில் இலை விழுந்தது என்று சொல்லலாம்.

இந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது? நாம் நமது பக்கத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கிறோம். வாசகர் ஒருவர் பக்கத்தைத் திறந்த கணத்தில், அந்த இடத்திற்காக விளம்பரதாரரிடையே ஏலம் நடக்கிறது. கண் இமைப்பதற்குள் முடியும் ஏலம் அது. யார் அதிகம் கேட்டாரோ அவருடைய விளம்பரம் தோன்றும். அந்தத் தொகையில் நூற்றுக்கு 68 பங்கு எழுதுபவருக்கு என்பது பல ஆண்டுகள் இருந்த வழக்கம். 2023 நவம்பரில் கணக்கிடும் முறையை மாற்றுவதாக அறிவித்தபோதும், கைக்கு வருவது ஏறத்தாழ அதே அளவாக இருக்கும் என்றே நிறுவனம் கூறியது. முன்பு வாசகர் விளம்பரத்தைத் தொட்டால்தான் பெரும்பாலும் காசு. இப்போது கண்ணில் பட்டாலே கணக்கு.

ஏலம் என்றால் ஊருக்கு ஊர் விலை மாறும் அன்றோ? அதே கட்டுரையைச் சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் படித்தால் வருவது ஒரு தொகை. சேலத்தில் இருப்பவர் படித்தால் வருவது அதனினும் சிறு தொகை. ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்கு இரண்டு லட்சம் பார்வைகள் வேண்டும். மாதம் ஐயாயிரம் பார்வை பெறும் பக்கத்திற்கு நாற்பது மாதங்கள் ஆகும். இந்தக் கணக்கை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளில் போட்டுப் பார்த்தோம். வீட்டில் உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

திருச்சியில் உள்ள மைத்துனர் ஓர் உபாயம் சொன்னார். தாமும் தம் அலுவலக நண்பர்களும் நாள்தோறும் காலையில் பக்கத்தைத் திறந்து விளம்பரங்களைத் தொட்டுவிடுவதாகக் கூறினார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே தொடுவதும், தொடும்படி பிறரை வேண்டுவதும் விதிக்கு மாறானவை, கணக்கையே மூடிவிடக்கூடும். விளம்பரதாரர் பக்கம் நின்று பார்த்தால் அது பிறர் பணத்தைத் திருடுவதுதான். வேண்டாம் என்று அன்றே அவருக்கு எழுதிவிட்டோம்.

மற்றொரு சங்கடம் வாடகை வீட்டில் இருப்போருக்கே உரியது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், ஆறு இலக்க எண் ஒன்றைக் கடிதத்தில் வைத்துத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்திற்குள் அந்த எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஐதராபாத்தில் வீட்டு எண் என்பது கோடும் சாய்கோடுமாக நீண்டு செல்லும் ஒரு சங்கிலி. அதற்குள் நாம் இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டுக்கு மாறியிருந்தோம். 500076 என்னும் தபால் எண் மட்டும் மாறவில்லை. முதற் கடிதம் வரவே இல்லை. இரண்டாவது கடிதத்தைத் தபால்காரர் பழைய வீட்டில் விசாரித்து நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார். உலகளாவிய நிறுவனத்திற்கும் நமக்கும் இடையே நின்று உதவியவர் மிதிவண்டியில் வந்த அந்த ஒருவர்தான். வீடு மாற நினைப்பவர்கள் கடிதம் வந்த பிறகு மாறுவது நலம்.

இதுவரை சொன்னவை இயந்திரம் இடும் விளம்பரத்தைப் பற்றியவை. இதைவிட விரைவாகப் பணம் வரும் வழி ஒன்று உண்டு. வியாபாரி நேரே நம்மிடம் வந்து, தம் சரக்கைப் பற்றி எழுதும்படி கேட்பது அது. அங்கேதான் நாம் வழுக்கினோம்.

நகரத்துக்கு வெளியே மனைகள் விற்கும் ஒருவர் நம்மை அணுகினார். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். "தமிழர்கள் ஒன்றாகக் குடியேற ஏற்ற இடம்" என்று எழுதச் சொன்னார். எழுதினோம். இடத்தை நாம் நேரில் பார்க்கவில்லை. பணம் பெற்றோம் என்பதையும் குறிப்பிடவில்லை. ஓராண்டு முழுவதும் இயந்திர விளம்பரம் தராத தொகை ஒரே மாலையில் வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சி கண்ணை மறைத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நாச்சாரம் தொழிற்பேட்டையில் வார்ப்படப் பட்டறையில் வேலை செய்யும் தமிழர் அவர், தென்காசிப் பக்கத்துக்காரர். சேமநல நிதியிலிருந்து பணம் எடுத்து மனைக்கு முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னார். "நீங்க எழுதியிருந்தீங்க, அண்ணாச்சி. அதனாலதான் துணிஞ்சேன்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபின் அன்றிரவு நாம் உறங்கவில்லை.

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு அந்த இடத்திற்குப் போனோம். கல் நட்டிருந்தார்கள். சாலை இல்லை. ஐதராபாத் மாநகர வளர்ச்சி ஆணையத்தின் ஒப்புதல் எண்ணைக் கேட்டதற்கு, விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டங்களின் விளம்பரத்தில் பதிவு எண் இருந்தே தீரவேண்டும். நாம் எழுதிய கட்டுரையில் அப்படி ஒரு எண் இல்லை. கேட்க வேண்டும் என்ற அறிவும் அப்போது நமக்கு இல்லை. நண்பர் முன்பணம் கட்டவில்லை. அன்று மாலையே கட்டுரையை நீக்கினோம். ஐயாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அதில் ஆயிரத்து இருநூறு செலவாகிவிட்டிருந்தது. வீட்டுச் செலவிலிருந்து ஈடு செய்தோம்.

பிறகுதான் சட்ட நூல்களைப் புரட்டினோம். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் வகுத்த நெறிமுறைப்படி, பொருள் பெற்றுக்கொண்டு எழுதுவதை விளம்பரம் என்று வாசகர் கண்ணில் படும்படி குறிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான எண்ணம் ஊட்டும் விளம்பரத்திற்குத் துணை நிற்பவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமுண்டு. பொருளைத் தாமே பயன்படுத்தியோ ஆராய்ந்தோ பார்க்காமல் பரிந்துரைத்தல் கூடாது என்று அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட விளக்கமும் சொல்கிறது. நடிகர்களுக்கு மட்டுமே உரிய சட்டம் என்று நாம் எண்ணியிருந்தது பிழை. வாசகர் நூறு பேர் என்றாலும் சட்டம் பொருந்தும். வரும் காசு சிறிதாயினும் வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டியதே என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. நம் பக்கத்தில் மிகுதியாகப் படிக்கப்படுவது எது தெரியுமா? 2025 ஜனவரியில் செர்லப்பள்ளி ரயில் முனையம் திறக்கப்பட்டபின், நாச்சாரத்திலிருந்து அங்கே எப்படிப் போவது என்று எழுதிய குறிப்புதான். அடுத்தது, இட்லிக்கு உகந்த புழுங்கல் அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பது. பாட்டி சொன்ன விடுகதைகளைப் பற்றிப் பத்து நாள் உழைத்து எழுதியதை முப்பது பேர்கூடப் பார்க்கவில்லை. விளம்பரக் கணக்கு நாள்தோறும் காலையில் எண்ணாக வந்து நிற்கும்போது, விடுகதையை விட்டுவிட்டு அரிசியைப் பற்றியே எழுதச் சொல்லி மனம் இழுக்கிறது. அதனால் வாரத்தில் ஒருநாள் மட்டுமே அந்தக் கணக்கைத் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். விடுகதைப் பக்கத்தில் விளம்பரமே இடவில்லை. முப்பது பேருக்காக ஏலம் எதற்கு?

கடை விளம்பரங்களை நாம் அறவே மறுக்கவில்லை. ஆபிட்ஸ் பக்கம் தமிழ்ப் புத்தகம் விற்கும் ஒருவர் கேட்டார். கடைக்குச் சென்று பார்த்துவிட்டு, "இது விளம்பரம்" என்று தலைப்பிலேயே குறித்து எழுதினோம். அவர் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. இரண்டு புத்தகங்கள் கொடுத்தார். அதையும் குறிப்பிட்டோம்.

சென்ற வாரம் கணக்கைத் திறந்தபோது 71 டாலர் இருந்தது. வார்ப்படப் பட்டறை நண்பர் இப்போது நமது பக்கத்தை விடாமல் படித்து வருகிறார். ரயில் புறப்படும் நேரத்தை நாம் தவறாக எழுதினால் முதலில் தொலைபேசியில் அழைப்பவர் அவர்தான். போன மாதம் இரண்டு முறை அழைத்தார்.