கேட்கத் தெரிந்த மேலாளர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



"பணியிடத்தில் ஊக்கம்" என்னும் பொருளில் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். இலக்கிய விழாவுக்கு இத்தலைப்பு ஒவ்வுமா என்று சிலர் ஐயுற்றதாகவும் அறிந்தேன். எனக்கு அந்த ஐயம் எழவில்லை. இங்கு அமர்ந்திருக்கும் பாவலர்களுள் பலர் பகலில் ஆலையிலும் இரவில் யாப்பிலும் உழைப்பவர்கள். மேலும், மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1971இல் உர ஆலையும் இயங்கத் தொடங்குவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இவ்வூர்ப் பெயர் தமிழிலக்கிய வரலாற்றில் ஏறிவிட்டது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைக்குப் புரவலராக விளங்கியவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். புரவலர் என்றதும் நமக்குப் பொற்கிழி நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னர் நிகழ்வது ஒன்றுண்டு. புரவலர் அமர்ந்து கேட்கிறார். கேட்பார் இல்லாத இடத்தில் அரங்கேற்றம் ஏது?

ஊழியரை ஊக்குவிக்கும் வழிகளாக மேலாண்மை நூல்கள் பலவற்றை அடுக்குகின்றன. பரிசு, பாராட்டு, பயிற்சி, பதவி உயர்வு, ஆண்டுக்கொருமுறை குடும்பச் சுற்றுலா என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் எதனையும் நான் பழிக்கவில்லை. ஆயினும் தன் சொல்லுக்கு மறுமொழி கிடைக்கும் என்று நம்பும் ஊழியரே மனமுவந்து உழைக்கிறார் என்பதும், அந்நம்பிக்கை இல்லாத இடத்தில் ஏனைய யாவும் அணிகலனாகவே நின்றுவிடும் என்பதும் என் துணிபு.

இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. பெரம்பூர்ப் பக்கம் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தன. பின்னி மில் என்றால் வடசென்னையில் அறியாதார் இல்லை. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி, குடியிருப்பு, மருத்துவ வசதி என அக்காலத்தில் பிற ஆலைகள் எண்ணிப் பாராதவற்றை அவ்வாலை நிர்வாகம் செய்தது. நல்ல முதலாளி என்ற பெயரும் அதற்கு இருந்தது. எனினும் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று உழைத்தவர்கள். அவர்கள் எழுப்பிய முறையீடுகள் மலைபோன்றவை அல்ல. நண்பகல் உணவுக்குத் தரப்படும் அரைமணி நேரம் போதவில்லை; மேற்பார்வை செய்வோர் மனிதராக நடத்துவதில்லை. பள்ளிக்கூடம் கட்டித் தந்த நிர்வாகத்திற்கு இவற்றைக் காதுகொடுத்துக் கேட்பது மட்டும் அரிதாயிற்று. சங்கத்தை ஏற்க மறுத்தது. நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, ஆகஸ்டு 29ஆம் நாள் பெரம்பூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து எழுவர் மாண்டனர்.

தமிழன்பர்கள் இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். திரு.வி.க. வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர்; 'தேசபக்தன்' ஆசிரியர்; மேடைத்தமிழின் தந்தை என்று போற்றப்படுபவர். அந்த மேடைத்தமிழை முதலில் கேட்டோருள் பெரும்பகுதியினர் புலவர்கள் அல்லர். நூலிழையும் வியர்வையும் படிந்த சட்டையோடு வந்த ஆலைத் தொழிலாளர்கள். தங்களிடம் ஒருவர் நல்ல தமிழில், சமமாகப் பேசுகிறார் என்பதே அவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கும். மரியாதை என்பது சொல்லின் வழியேதான் முதலில் வந்து சேர்கிறது.

அமெரிக்க உளவியலார் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரப் பொறியாளர்களையும் கணக்கர்களையும் வினவி 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊதியமும் வசதியும் குறைந்தால் மனக்கசப்பு வரும். அவற்றைச் சரிசெய்தால் கசப்பு நீங்கும். ஆனால் ஊக்கம் பிறப்பதற்குச் சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவை வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பின்னி மில் வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் இந்நூலைச் சில மேலாளர் தமக்கு வசதியாகப் படித்துக்கொள்கின்றனர். பணம் ஊக்கம் தராது என்கிறார்களே, கைதட்டுப் போதும் என்று போனஸைக் குறைக்கின்றனர். கசப்பை நீக்காமல் இனிப்பை ஊட்ட முயல்வது வீண்.

கேட்பதனால் விளையும் நன்மைக்கு நம் சென்னையிலேயே நற்சான்று உண்டு. டெமிங் என்னும் புள்ளியியல் அறிஞர் 1950 முதல் சப்பானியருக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று, குறைகள் பெரும்பாலும் பணி அமைப்பில் உள்ளன, பணியாளரிடம் அன்று என்பதாகும். பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுக என்றும் பிற்காலத்தில் அவர் வற்புறுத்தினார். அவர் பெயரால் அமைந்த விருதை, பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. எந்திரத்தருகே நிற்பவர் முதல் உயர் அலுவலர் வரை அனைவரும் குறைகளைக் கண்டு களையப் பங்கேற்பதே அவ்விருதின் அடிப்படை. நட்டு தளர்வதை முதலில் அறிபவர் மேலாளரா, அதை முறுக்குபவரா?

இனி, நான் நெடுநாள் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆலையில் ஊழியரின் சொல் எழுத்தாகும் இடம் ஷிப்டு லாக் புத்தகம். "இரண்டாம் பம்பில் சத்தம் அதிகம்" என்று இரவு ஷிப்டுக்காரர் எழுதுகிறார். மறுநாள் மறுமொழி இல்லை. மீண்டும் எழுதுகிறார். மூன்றாம் நாளும் எழுதுகிறார். நான்காம் நாள் அவர் எழுதும் சொல் "நார்மல்". சத்தம் நின்றுவிடவில்லை, எழுதுவது நின்றுவிட்டது. மேலாளரோ புத்தகத்தைப் புரட்டி, எல்லாம் நலம் என்று கையொப்பமிடுகிறார். அந்த முதல் வரிக்குக் கீழே, "அடுத்த ஷட்டவுனில் மாற்றுவோம், அதுவரை அதிர்வைக் கவனித்து எழுதுங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். மறுமொழி உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இயலாது என்று காரணத்தோடு சொன்னாலும் ஊழியர் ஏற்பார். வாயிலருகே தொங்கும் ஆலோசனைப் பெட்டியின் பூட்டு துருப்பிடித்திருப்பதை அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதானே உள்ளே வருகிறார்!

நெசவாலையில் இந்த மௌனத்தால் நூல் அறும். வேதி ஆலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் உயிர் போகும். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு வெளியேறுவதற்கு முன்னரே, அவ்வாலைத் தொழிலாளர் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எச்சரித்திருந்தனர். 1982இல் சுவரொட்டியும் ஒட்டினர். கேட்கப்படாத அந்தச் சொற்களின் விலையை உலகம் அறியும்.

பாராட்டைப் பற்றியும் ஒரு சொல். கவியரங்கில் இளங்கவிஞர் ஒருவர் பாடி முடித்ததும் "அருமை, அருமை" என்று சொல்லி அடுத்தவரை அழைக்கும் தலைவரை நாம் கண்டிருக்கிறோம். "உங்கள் மூன்றாம் அடியில் வரும் உவமை புதியது, ஈற்றடியில் தளை தட்டுகிறது" என்று சொல்பவரையும் கண்டிருக்கிறோம். இரண்டாமவரின் அவைக்கே அந்த இளைஞர் மறுபடியும் வருவார். பொங்கலுக்கு முன் பொதுவாக வாசிக்கப்படும் நன்றிச் சுற்றறிக்கை முதல் வகையைச் சார்ந்தது.

புறநானூற்றில் மோசிகீரனாரின் நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். களைப்பில் முரசுகட்டிலில் துயின்ற புலவரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை ஒறுக்காது, கவரி கொண்டு வீசினான். இரவு ஷிப்டில் கண்ணயர்ந்தவருக்கு மேலாளர் விசிற வேண்டும் என்று நான் கூறவில்லை. அமோனியா ஓடும் குழாயருகே உறங்க ஒருவருக்கும் உரிமையில்லை. எழுப்பியாக வேண்டும். எழுப்பிய பின், மெமோவை நீட்டுவதற்கு முன், எத்தனை நாளாக இரட்டை ஷிப்டு பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம் அல்லவா? விடை பெரும்பாலும் மேலாளரின் சொந்த ஷிப்டு அட்டவணையிலேயே இருக்கும்.

இவையெல்லாம் நிரந்தர ஊழியரைக் குறித்தன. குழாய்க்கு அடியிலும் தொட்டிக்கு உள்ளும் இறங்கி வேலை செய்வோர் பலர் இன்று காண்ட்ராக்ட் தொழிலாளர்கள்; வெளிமாநிலங்களிலிருந்து வந்து மணலியிலும் எண்ணூரிலும் ஓர் அறையில் பலராய்த் தங்கியிருப்பவர்கள். அவர்கள் லாக் புத்தகத்தில் எழுதுவதில்லை. பல இடங்களில் அவர்களுக்குப் பெயரும் இல்லை. "அந்த காண்ட்ராக்ட் ஆள்" என்றே குறிக்கப்படுகின்றனர். கசிவின் வாடை முதலில் எட்டுவது அவர்கள் மூக்கிற்குத்தான். அவர்கள் மொழியில் அதைக் கேட்டு எழுதிவைக்க ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவரை அமர்த்துமாறு, இந்த அவையில் உள்ள மேலாளர் நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன். அவர் இரண்டு மொழி அறிந்த தமிழ்க் கவிஞராக இருப்பின் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.