தலை அசைந்தால் படம் பொய் சொல்லும்

காந்தக் குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து, மூளையில் எந்தப் பாகம் வேலை செய்கிறதென்று படமெடுக்கிறார்கள். இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் மாறுதலைக் கொண்டு இதை அறியலாமென்று 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார். அம்மாறுதலோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அவ்வளவு மாறுதல் வந்துவிடும்!

ஆகையால் நகர்ச்சி மூன்று, திரும்பல் மூன்று, ஆக ஆறு அளவைக் கணக்கிட்டுப் படங்களை ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். இதோடு தீர்ந்ததென்று பலர் நம்பினார்கள். தீரவில்லை. அசைவினால் படத்தின் இடம் மாத்திரமா மாறுகிறது? சரக்கே கெட்டுப்போகிறதே!

குழந்தைகளின் மூளையில் அருகருகேயுள்ள பாகங்களுக்குத்தான் தொடர்பு அதிகம், வயது ஏற ஏறத் தூரத்துப் பாகங்கள் சேருகின்றன என்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முன்பு எழுதியிருந்தார்கள். தலையசைவும் அதே தோற்றத்தை உண்டாக்குமென்று 2012-ல் வெளியிட்டவர்களும் அவர்களேதான். குழந்தை சும்மா படுத்திருக்குமா? அசைந்த படங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள்; அருகுத் தொடர்பு குறைந்தது, தூரத்துத் தொடர்பு கூடிற்று.

துறுதுறுத்த பிள்ளைகளின் மூளையே வேறு என்று யாராவது படம் காட்டினால், எந்தக் கூட்டத்தார் தலை எவ்வளவு அசைந்தது, எத்தனை படம் தள்ளினீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.